உண்ட சோறும் உரைக்க வேண்டிய உண்மையும்



அடைக்கலம் தந்த நாடு போருக்குப் புறப்படும்போது, அடைக்கலம் புகுந்தவன் எந்தப் பக்கம் நிற்பது? இக் கேள்வி ஏட்டைப் புரட்டுவதால் எழுவதன்று. வயிற்றில் ஒரு நாட்டின் சோறும், நெஞ்சில் இன்னொரு மண்ணின் நினைவும் ஒருங்கே கிடப்பவனுக்கு எழுவது. அப்போர் தொலைவில் எங்கோ நடந்தாலே அவன் உள்ளம் இரண்டுபடும். அதுவே அவன் பிறந்த மண்ணில், அவனைப் பெற்றவள் குடியிருக்கும் தெருவில் நடக்குமானால்? 1987-ஆம் ஆண்டில், தமிழகத்தில் அடைக்கலம் புகுந்திருந்த ஈழத்தமிழ் ஏதிலியர் அனைவர்க்கும் நேர்ந்தது இதுவே. அவருள் யானும் ஒருவன்.

இத்தனை ஆண்டுகள் கழித்து இதை ஏன் எழுதுகின்றாய் என்று கேட்பீர்கள். 'சோறிட்ட நாட்டைக் குறை சொல்லாதே' என்று எங்கள் வாயை அடைத்தவர்கள் உளர். அச்சோற்றையே மறந்து இம்மண்ணைத் தூற்றிய எம்மவரும் உளர். இவ்விரு சாரார்க்கும் விடை சொல்லாமல் கண்மூட யான் விரும்பவில்லை. யான் எழுபது கடந்தவன். இனிக் காலம் தாழ்த்துதல் ஆகாது.

தாராசுரம் தந்தது

யான் பிறந்தது யாழ்ப்பாணத்துக் கொக்குவில். ஆறே ஓடாத மண் அது. துலா மிதித்துக் கிணற்று நீர் இறைத்துத்தான் எங்கள் புகையிலையும் மிளகாயும் வெங்காயமும் விளைந்தன. 1983 சூலைப் படுகொலைக்குப் பின், அடுத்த ஆண்டில் மன்னார்க் கரையில் படகேறி இராமேசுவரத்தில் இறங்கினேன். மண்டபம் முகாமில் என் பெயரைப் பதிந்தார்கள். அங்கிருந்து நண்பர் ஒருவர் துணையால் தாராசுரம் வந்து சேர்ந்தேன். அரசலாற்றில் இருகரையும் தொட்டுத் தண்ணீர் போவதையும், அது வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிந்து யார் கையும் படாமல் வயலுக்குள் நுழைவதையும் கண்ட நாளில், கரையிலேயே நெடுநேரம் அமர்ந்திருந்தேன். நீருக்காக உழைத்தே பழகியவனுக்கு அது நம்ப முடியாத காட்சி.

ஊரில் ஆசிரியனாக இருந்த எனக்கு, இங்கே பட்டுநெசவு முதலாளி ஒருவர் கணக்கெழுதும் வேலை தந்தார். அவர் சௌராட்டிரர், வீட்டில் பேசுவது வேறு மொழி. அடையாளச் சீட்டு ஏதும் கேட்கவில்லை; குடியிருந்த வீட்டுக்கு முன்பணமும் வாங்கவில்லை. "எங்கள் முன்னோரும் ஒருகாலத்தில் மூட்டை முடிச்சோடு வந்தவர்கள்தாம், வாத்தியாரே" என்றார். அவ்வளவே. அறுவடை முடிந்து பொங்கல் வந்தால், பக்கத்து வீட்டு அம்மா எங்களுக்கென ஒரு படி புத்தரிசி அளந்து கொண்டுவந்து வைப்பார். என் மனைவி கருவுற்றபோது அவர்தாம் எங்களுக்குத் தாயாக நின்றார்.

இதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்வேனாயின், யான் எழுதுவது அனைத்தும் பொய்யாகிவிடும். வள்ளுவப் பெருமான் செய்ந்நன்றியறிதலுக்குத் தனி அதிகாரமே வகுத்தார். அந்நன்றி யாருக்கு உரியது என்பதே இக் கட்டுரையின் வினா.

நான்கு திங்களில் தலைகீழ்

1987 சூன் 4-ஆம் நாள். சிங்களப் படையின் முற்றுகையில் கிடந்த யாழ்ப்பாணத்தின் மீது இந்திய வானூர்திகள் உணவுப் பொதிகளை இட்டன என்னும் செய்தி வந்தது. முதலாளி கடைத்தெருவில் இனிப்பு வாங்கிவந்து தறிகளை நிறுத்தச் சொல்லி எல்லார்க்கும் கொடுத்தார். யான் அழுதேன். இந்தியா என்னும் பெயரை அன்றுபோல் நெஞ்சார யான் என்றும் வாழ்த்தியதில்லை.

சூலை 29-இல் இராசீவ் காந்தியும் செயவர்த்தனாவும் கொழும்பில் ஒப்பந்தம் செய்தனர். எம் மக்களைப் பற்றிய ஒப்பந்தம். எம் மக்கள் கையொப்பமிடாத ஒப்பந்தம். எனினும், மறுநாள் முதல் வந்திறங்கிய இந்தியப் படையை யாழ்ப்பாணம் மாலையிட்டு வரவேற்றது. சிங்களக் குண்டு இனி விழாது என்று தாய்மார் மூச்சு விட்டனர். செபுதம்பர் 15-இல் நல்லூரில் திலீபன் ஐந்து கோரிக்கைகளை முன்வைத்து உண்ணாநோன்பு தொடங்கினார்; சொட்டு நீரும் அருந்தாமல் 26-ஆம் நாள் உயிர்விட்டார். அக்தோபர் 10-இல் போர் மூண்டது. சூனில் உணவு இட்ட நாடு, அக்தோபரில் எறிகணை இட்டது. இடையே நான்கே திங்கள்!

அக்தோபர் 21 தீபாவளி நாள். தாராசுரத்துத் தெருக்களில் சிறுவர்கள் வெடி கொளுத்திக்கொண்டிருந்தனர். ஒவ்வொரு வெடிக்கும் என் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரோடு ஒண்டினாள். அன்றுதான் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் படை நுழைந்தது. அன்றும் மறுநாளுமாக மருத்துவர், செவிலியர், நோயாளியர் என 60-க்கு மேற்பட்டோர் மாண்டனர். மோதலுக்கிடையில் சிக்கி இறந்தனர் என்றது படைத்தரப்பு. பிணங்களுக்கிடையே பிணமாகக் கிடந்து தப்பியவர்கள் வேறு சொன்னார்கள். அச்செய்தி எனக்கு எட்டப் பல நாளாயிற்று. இலண்டன் வானொலியின் தமிழோசையை இரவுதோறும் காதோடு ஒட்டவைத்துக் கேட்பேன். என் தாய் நல்லூர்க் கந்தன் கோயிலில் ஆயிரமாயிரம் பேருடன் ஒடுங்கிக் கிடந்து உயிர் பிழைத்தாள் என்பது, மூன்று திங்கள் கழித்து வந்த மடலில்தான் தெரிந்தது.

'நாம்' என்னும் சொல்

போர் மூண்ட கிழமையில் முதலாளி என் தோளில் கைவைத்து, "கவலைப்படாதீர்கள் வாத்தியாரே, போயிருப்பது நம் படைதானே, உங்கள் ஆட்களை ஒன்றும் செய்யாது" என்றார். அவர் சொன்னதில் கள்ளமில்லை. ஆனால், ஒரே வரியில் அவர் சொன்ன 'நம்' என்பதும் 'உங்கள்' என்பதும் என்னை இரு கூறாக அறுத்தன.

தமிழ்மொழியின் நுட்பம் அறிந்தவர்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. கேட்பவனையும் உளப்படுத்திச் சொன்னால் 'நாம்'. அவனை விலக்கிச் சொன்னால் 'நாங்கள்'. உலகின் பல பெருமொழிகள் இவ் வேறுபாட்டை அறியா. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். அம்மொழியில் பேசும் ஏதிலி ஒருவன், எவரையும் சேர்க்காமலும் எவரையும் விலக்காமலும் தப்பித்துக்கொள்ளலாம். தமிழன் தப்ப முடியாது. வாய் திறந்தால் 'நாமா', 'நாங்களா' என்று அவன் முடிவு செய்தாக வேண்டும். 'நம் படை' என்றால் நல்லூரில் கிடக்கும் தாய்க்கு இரண்டகம். 'உங்கள் படை' என்றால் இனிப்பு வழங்கிய கைக்கும், புத்தரிசி அளந்த கைக்கும் இரண்டகம். ஆகவே யான் ஒன்றும் சொல்லவில்லை. தலையை மட்டும் அசைத்தேன்.

அத் தலையசைப்பை எண்ணி யான் வெட்காத நாளில்லை. அப்போது குடந்தையில், போரை நிறுத்தக் கோரித் தமிழன்பர்கள் கூட்டம் ஒன்று நடத்தினர். யான் தேநீர்க் கடையின் தட்டி மறைவில் நின்று கேட்டேன், மேடைப்பக்கம் போகவில்லை. ஏதிலியன் குறித்த நாளில் காவல் நிலையத்துக்குச் சென்று கையொப்பமிட வேண்டியவன். நாளை அப் பதிவேட்டில் என் பெயருக்கெதிரே ஒரு குறிப்பு விழுந்தால், கருவுற்ற மனைவியோடு எங்கே போவது? வீடு திரும்பும் வழியில், 'சோறிட்ட நாட்டைப் பழிப்பது தகாது. அதனால்தான் பேசவில்லை' என்று எனக்கு யானே சொல்லிக்கொண்டேன். பொய்! யான் அஞ்சினேன். அஞ்சியதற்கு நன்றி என்று பெயர் சூட்டிக்கொண்டேன். அச்சம் நன்றியின் ஆடையை உடுத்திக்கொண்டு வரும்போது, அதை அடையாளம் காண்பது எளிதன்று. ஏதிலியர் ஊமையராய் இருப்பதை நன்றியுடைமை என்று மெச்சுகின்றவர்கள் இதை எண்ணிப் பார்க்கட்டும்.

படைக்குப் போனவன் மகனும் தமிழனே

1990 மார்ச்சு 24-இல் இந்தியப் படையின் கடைசிப் பிரிவு ஈழத்தை விட்டு நீங்கியது. சென்னைத் துறைமுகத்தில் அதனை வரவேற்க அன்றைய முதலமைச்சர் கலைஞர் கருணாநிதி செல்லவில்லை. வடநாட்டு ஏடுகள் அதற்காக அவரை ஏசின. அச்செயல் எங்கள் காயத்துக்கு மருந்தாக இருந்தது, யான் மறைக்கவில்லை.

ஆயினும் அதே ஆண்டு, தாராசுரத்துக்கு அருகில் உள்ள சிற்றூர் ஒன்றிலிருந்து படையிற் சேர்ந்து யாழ்ப்பாணம் போய்வந்த இளைஞன் ஒருவன், யான் எவ்வூரினன் என்பதைக் கேள்வியுற்று என்னைத் தேடி வந்தான். உழவுக் கூலியின் மகன். வேலை கிடைக்காமல் படைக்குப் போனவன். "ஐயா, போன புதிதில் 'தம்பி, எந்த ஊர்' என்று கேட்டு இளநீர் வெட்டித் தந்தார்கள். அக்தோபருக்குப் பிறகு அதே வீட்டுக் கதவைத் தட்டினால், உள்ளே தமிழில் அழுகை கேட்கும். என்னுடன் வந்த வடநாட்டாருக்கு அது வெறும் ஓசை. எனக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது, ஐயா" என்றான். பிறகு பேசவில்லை. அவன் என்ன செய்தான், செய்ததைக் கண்டான் என்று யான் கேட்கவுமில்லை.

அப்போரில் மாண்ட இந்தியப் படைஞர் 1,100-க்கு மேற்பட்டவர். அவருள் தமிழரும் உண்டு. 1987 நவம்பர் 25-இல் யாழ்ப்பாண மண்ணில் வீழ்ந்து, படையின் மிக உயர்ந்த விருதாகிய பரமவீர் சக்கரத்தை இறந்தபின் பெற்ற இராமசாமி பரமேசுவரன், பம்பாயில் பிறந்த தமிழர். தமிழன் சுட்டுத் தமிழன் வீழ்ந்தான். எவன் வென்றாலும் ஒப்பாரி தமிழில்தான் எழுந்தது. தில்லியில் முடிவெடுத்த எவர் வீட்டிலும் அவ் ஒப்பாரி கேட்டிருக்க முடியாது. போருக்கு ஆணையிடுபவன் ஒருவன். போய்ச் சாகின்றவன் வேறொருவன். அடைக்கலம் தந்தவரோ இவ்விருவரும் அல்லர். அவர்கள் தறிமேட்டிலும் வரப்பிலும் நிற்கின்றவர்கள். என் நன்றி அவர்களுக்கு உரியது. ஆணைக்கு யான் கடன்பட்டவன் அல்லேன்.

கல்யாணபுரத்துக் காவலன்

இனி யான் சொல்லப்போவது இவ்விதழின் அன்பர் சிலர்க்குக் கசக்கலாம். பொறுத்தருள்க.

தாராசுரத்து ஐராவதேசுவரர் கோயிலை எழுப்பியவன் இரண்டாம் இராசராசன். அக்கோயிலில் இருந்து, இன்று தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்தில் வைக்கப்பட்டுள்ள வாயிற்காவலர் சிலை ஒன்று உண்டு. சாளுக்கியச் சிற்பி வடித்த அச்சிலை சோழநாட்டுக்கு எப்படி வந்தது? அதன் பீடத்தில் தமிழிலேயே வெட்டியிருக்கின்றது: விசயராசேந்திரன் என்று பெயர்கொண்ட முதலாம் இராசாதிராசன், சாளுக்கியர் தலைநகராகிய கல்யாணபுரத்தை அழித்துக் கொண்டுவந்தது அது. தோற்ற நாட்டின் வாயிலைக் காத்தவன், வென்ற நாட்டில் வந்து காவல் நிற்கின்றான். தன் ஊர் எரிந்த கதையைத் தன் காலடியிலேயே சுமந்துகொண்டு நிற்கின்றான்.

ஈழத்துக்கும் சோழர் படை சென்றது. முதலாம் இராசராசன் காலத்தில் அனுராதபுரம் அழிந்தது. இராசேந்திரன் காலத்தில் ஐந்தாம் மகிந்தன் சிறைப்பட்டு, பன்னீராண்டு சோழநாட்டிலேயே கிடந்து மாண்டான். நம் மேடைகளில் கடல் கடந்த வெற்றிகள் முழங்கப்படும்போதெல்லாம் கையொலி எழுகின்றது. யானும் இளமையில் கைதட்டினேன். ஆனால், படைபோகும் நாட்டில் தாயிருக்கும் மகனாக வாழ்ந்தபின், என் கைகள் எழ மறுக்கின்றன. வென்றவன் தமிழனாயின் பெருமை, தோற்றவன் தமிழனாயின் கொடுமை என்று அளக்கும் கோல் நேர்கோல் ஆகாது. அயலார் படையெடுப்பைக் கண்டிக்கும் உரிமை, நம் முன்னோரின் படையெடுப்பையும் நேர்நின்று நோக்கும் துணிவிலிருந்தே பிறக்கும்.

இதே நேர்கோலால் எம் பக்கத்தையும் அளக்கின்றேன். 1991 மே 21-இல் திருப்பெரும்புதூரில் நடந்தது கொடுஞ்செயல். இராசீவ் காந்தி மட்டுமல்லர். உடன் நின்ற காவலரும் பொதுமக்களுமாகத் தமிழர் பலர் அன்று சிதறினர். 1987-இல் செய்யப்பட்ட பிழைக்கு அது விடையாகாது. விருந்தோம்பிய வீட்டின் முற்றத்தில் குருதி சிந்தியது அது. மறுநாளே எங்கள்மீது ஐயப்பார்வை விழுந்தது. குற்றமற்ற ஏதிலியர் ஆயிரமாயிரம் பேர் அதன் சுமையைத் தலைமேல் ஏற்றனர். அப்போதும் பக்கத்து வீட்டு அம்மா புத்தரிசி தருவதை நிறுத்தவில்லை. ஆட்சி ஐயுற்றது, அண்டை வீடு ஐயுறவில்லை. இதனால்தான், நாடு வேறு ஆட்சி வேறு என்று பிரித்துச் சொல்கின்றேன்.

உலகம் கற்ற பாடம்

இது எங்களுக்கு மட்டும் நேர்ந்ததன்று. 1942-இல் அமெரிக்கா சப்பானோடு போரிட்டபோது, தன் மண்ணில் வாழ்ந்த சப்பானிய வழியினர் 1,10,000-க்கு மேற்பட்டோரை முள்வேலிக்குள் அடைத்தது. அவருள் பெரும்பாலோர் அந்நாட்டிலேயே பிறந்த குடிமக்கள். அவ்வேலிக்குள்ளிருந்தே இளைஞர்கள் பலர் அந்நாட்டுப் படையிற் சேர்ந்து ஐரோப்பாவில் போரிட்டு மடிந்தனர். வேறு சிலரோ, எங்கள் பெற்றோரை விடுவித்தால்தான் படைக்கு வருவோம் என்று மறுத்துச் சிறை சென்றனர். இவ்விருவரில் எவர் நாட்டுப்பற்று உடையவர்? இருவருமே என்பேன். 46 ஆண்டுகள் கழித்து, 1988-இல், அமெரிக்க அரசு தான் செய்தது தவறென்று சட்டம் இயற்றி மன்னிப்புக் கேட்டது; உயிரோடிருந்த ஒவ்வொருவர்க்கும் 20,000 தாலர் வழங்கியது. ஐயுற்றவர்கள்தாம் பிழைசெய்தார்கள் என்பதை அவ்வாட்சியே ஒப்புக்கொண்டது.

2009-இல் வன்னியில் எம் மக்கள் கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டிருந்தபோது, இலண்டன் பாராளுமன்றச் சதுக்கத்திலும் கனடாவின் தொரந்தோ நகரத்து நெடுஞ்சாலையிலும் ஈழத்தமிழர் திரண்டு, தமக்கு வாழ்வளித்த அரசுகளை நோக்கியே 'ஏன் வாளாவிருக்கின்றீர்கள்' என்று உரத்துக் கேட்டனர். அவருள் பலர் அந்நாடுகளின் குடிமக்கள். குடியுரிமை என்பது சோற்றுக்கான சீட்டு மட்டுமன்று. 'நாம் செய்வது தவறு' என்று சொல்லும் உரிமையும் அதுவே. அவ்வுரிமை அற்றவன் வாழ்த்தலாம், வாய்பொத்தி நிற்கலாம், இடித்துரைக்க இயலாது. மொழியால் ஒன்றான இத் தமிழகத்து முகாம்களில் இருந்த எம்மவர்க்கு அன்று வாய்த்தது அழுகை மட்டுமே.

ஒரே திங்களில் இரண்டு கதவுகள்

என் மகள் 1987 திசம்பரில் குடந்தையில் பிறந்தாள். இந்திய மண்ணில் பிறந்தவர் எவரும் இந்தியக் குடிமக்களே என்றிருந்த சட்டம், 1987 சூலை முதல் நாளோடு முடிந்துபோயிற்று. அதன்பின் பிறப்பவர்க்குப் பெற்றோருள் ஒருவரேனும் இந்தியக் குடிமகனாக இருத்தல் வேண்டும் என்றாயிற்று. எம் மண்ணைப் பற்றிய ஒப்பந்தம் கையொப்பமானதும் அதே சூலைத் திங்களில்தான். ஒரே திங்களில் எம் தாய்வீட்டின் கதவைத் திறந்துகொண்டு படை போயிற்று; அடைக்கலம் புகுந்த வீட்டின் கதவு என் பிள்ளைக்கு மூடிக்கொண்டது. ஐந்தாறு திங்கள் முன்னே பிறந்திருந்தால் அவள் இந்நாட்டுக் குடிமகள். காவிரிநீர் குடித்து, தஞ்சைத் தமிழ் பேசி, பெரியபுராணச் சிற்பங்களை விரல்வைத்து எண்ணிக்கொண்டு தாராசுரத்துக் கோயில் திருச்சுற்றில் வளர்ந்த அவள், சட்டத்தின் கண்ணுக்கு இன்றும் அயலாள்.

2019-இல் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். பாக்கித்தான், வங்காளதேயம், ஆப்கானித்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்தவர்க்கே வழி வகுத்தார்கள். ஈழத்திலிருந்து வந்தவரை அதில் சேர்க்கவில்லை. 2021-இல் தமிழக அரசு 'அகதிகள் முகாம்' என்னும் பெயரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது, நல்ல செயல். ஆனால் பெயர்ப்பலகை மாறினால் போதாது; பதிவேடு மாற வேண்டும்.

முடிவாக மூன்று சொல்

தில்லி ஆட்சியாளர்க்கு: நாற்பது ஆண்டுகள் ஒருவனை வாசலிலேயே நிறுத்திவைத்துவிட்டு, 'நன்றியுடையவனாய் இரு' என்று கேட்பது முறையன்று. குடியுரிமை தாருங்கள், பின்னர் எம் பற்றை அளந்து பாருங்கள்.

எம் ஈழத்து உறவுகளுக்கு: 1987-இன் காயத்தைக் காட்டி இம்மண்ணின் மக்களைப் பழிக்காதீர். படையனுப்பிய கை வேறு. பசியாற்றிய கை வேறு.

இவ்விதழைப் படிக்கும் அன்பர்களுக்கு: நீங்கள் மேடையில் எங்களுக்காக முழங்குகின்றீர்கள். அம் முழக்கத்துக்கான விலையைக் காவல் நிலையத்தில் கையொப்பமிடும் நாங்கள் செலுத்த நேர்வதுண்டு. அதையும் எண்ணிப் பேசுங்கள். எங்களுக்காகப் பேசுவதினும், நாங்களே பேசும் உரிமையைப் பெற்றுத் தருவதே பேருதவி.

சோறிட்டவனுக்குச் செய்யும் நன்றி, அவன் எதைச் செய்தாலும் தலையசைப்பதன்று. அவன் தவறான வழியில் காலெடுத்து வைக்கும்போது, கையைப் பற்றி நிறுத்துவதே நன்றி. அன்று முதலாளியின் கையைப் பற்றி, "முதலாளி, நாம் செய்வது தவறு" என்று யான் சொல்லியிருக்க வேண்டும். 'உங்கள் படை' என்றன்று. 'நாம்' என்றே சொல்லியிருக்க வேண்டும். அந்தச் சொல்லுக்குள் அவரும் இருந்தார், நல்லூரில் கிடந்த என் தாயும் இருந்தாள், யாழ்ப்பாணத்துக்கு அனுப்பப்பட்ட அந்த உழவுக்கூலியின் மகனும் இருந்தான். இன்று முதலாளி இல்லை, தாயும் இல்லை. ஆகவே உங்களிடம் சொல்கின்றேன். நாம் செய்தது தவறு. அதை நாம் ஒப்புக்கொள்வோம்.